மீனுக்கு ஆகாத தண்ணீர்

எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டடி நீளமான மீன்தொட்டி ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. ஐம்பது லீற்றர் அளவு தண்ணீர் பிடிக்கும். சிங்களத்தில் 'புலத் ஹப்பயா' என்று சொல்லப்படும் நம் நாட்டு மீன்கள் ஆறு அதில் இருக்கின்றன. ஆண்மீனின் முகம் வெற்றிலை சப்பியவரின் வாயைப்போலச் சிவந்துவிடும். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள நிழல் விழும் ஓடைகளே இவற்றின் சொந்த இடம். அங்கே குளோரீன் என்ற ஒன்றை இவை அறிந்ததில்லை.

கண்டி நகரம் ஒரு காலத்தில் துனுமடலாவைக் காட்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீரைக் குடித்தது. இன்று நகரமும் அயற்கிராமங்களும் பெரும்பாலும் மகாவலியையே நம்பியிருக்கின்றன. கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் ஆற்றுநீரை எடுத்து, தெளியவைத்து, வடிகட்டி, கடைசியாகக் குளோரீன் சேர்த்துக் குழாயில் விடுகிறார்கள். அமெரிக்காவின் ஜேர்சி நகரில் 1908இல் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரீன் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் உலகெங்கும் பரவியதால் வாந்திபேதியிலிருந்தும் நெருப்புக் காய்ச்சலிலிருந்தும் தப்பிய பிள்ளைகளை எண்ணி முடியாது. நம் வீட்டுக் குழாய்வரை வந்து சேரும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்த 0.2, 0.3 மில்லிகிராமே சிறு மீன்களின் செவுளைச் சுட்டுவிடப் போதுமானது.

ஆகவே தொட்டிக்கு ஊற்றவேண்டிய தண்ணீரை முதல்நாளே வாய் அகன்ற வாளியில் பிடித்து மூடாமல் வைத்துவிடுகிறேன். ஒருநாள் காற்றுப்பட நின்றால் குளோரீன் பறந்துவிடும். மார்கழிக் குளிரில் குழாய்த்தண்ணீர் ஐஸ்போல இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் மீனுக்கு வெண்புள்ளி நோய் வரக்கூடும். வீட்டுக்குள் நின்ற தண்ணீருக்கு அந்தச் சூடும் சமமாகிவிடுகிறது. அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்று இருக்கிறது. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று வைத்திருந்த அதே பளிங்குதான். ஒரு மில்லிகிராம் குளோரீனுக்கு ஏழு மில்லிகிராம் என்று கொண்டாலும் ஒரு வாளிக்குச் சிறு சிட்டிகை தாராளம். வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது வாளியில் நின்று போகாது. அங்கே மருந்துதான் வழி.

தொட்டித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் ஏன் மாற்றவேண்டும் என்று பலரும் கேட்பார்கள். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகின்றன. பஞ்சில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முந்திய இரண்டும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு பொல்லாததல்ல, ஆனால் அதை வெளியேற்ற நாம்தான் வாளியைத் தூக்கவேண்டும். எனவே கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு மட்டும் மாற்றுகிறேன். பஞ்சையும் எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன். குழாயடியில் கழுவினால் அந்தப் பற்றீரியாக்களைக் குளோரீன் கொன்றுவிடும். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. ஓடும் ஆற்றங்கரையிலும் தண்ணீரை விரயம் செய்யக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின, உயிர்கள் பல போயின. மின்சாரமும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. பௌசர் வரும்வரை சனங்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் பிடித்த தண்ணீரில் ஒரு கோப்பையேனும் மீனுக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. தீனியை நிறுத்தினேன். வளர்ந்த மீன்கள் ஒரு கிழமை பட்டினி தாங்கும், கழிவும் குறையும். மோட்டர் ஓடாததால் தொட்டித் தண்ணீரையே கோப்பையில் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம். ஒட்சிசன் கரைய அது உதவும். கூரையிலிருந்து பிடித்த மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன்.

அயல்வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கியிருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரீன் தூளோடு வந்தபோது அந்த வீட்டு மூதாட்டி போடவிடவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"மாஸ்டர், நீங்களே மீனுக்கு அந்த மருந்தப் போக்காட்டித்தானே தண்ணி ஊத்துறீங்க. மீனுக்கு ஆகாதது என்ட பேரப்புள்ளைக்கு ஆகுமா?"

என் விறாந்தையில் வாளி நின்றதை அவர் இத்தனை நாளும் பார்த்திருக்கிறார். அந்த வாளியே இப்போது கிணற்றுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

"உம்மா, நாங்க தண்ணியக் குடிக்கிறோம். மீன் தண்ணியில மூச்செடுக்குது" என்று தொடங்கினேன். செவுளின் மெல்லிய தோலுக்குக் கீழே இரத்தம் ஓடுகிறது. குளோரீன் நேரே அதில் படுகிறது. நம் வாயிலும் இரைப்பையிலும் அந்தச் சிறு அளவு உமிழ்நீரோடும் உணவோடும் சேர்ந்து செயலிழந்துவிடும். லீற்றருக்கு 5 மில்லிகிராம்வரை குடிநீரில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிணற்றில் இறங்கிய மலசலகூடக் கழிவில் இருப்பதோ பிள்ளையைக் கொல்லும் கிருமி. தூள் போட்ட தண்ணீரை உடனே குடிக்கச் சொல்லவில்லை, இறைத்து, மணம் குறைந்தபின் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, நுளம்புக் குடம்பி தின்னவென்று கிணற்றில் விட்டிருந்த கப்பி மீன்களைக் கூடையால் கோலி எடுக்கச் சொன்னார். மூன்றுதான் அகப்பட்டன. அன்று பின்னேரம் கிணற்றுக்குத் தூள் போட்டார்கள்.

பாடசாலை திறந்த பின் எட்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், அந்தக் கப்பி மூன்றும் இப்ப எங்க?"

"எங்கட வீட்டுத் தொட்டியில. கிணத்துத் தண்ணியில மணம் முழுசாப் போனதும் திருப்பிக் குடுக்கோணும்" என்றேன்.