பிரிந்து போனவர்களின் கிளப்

ஸ்பெயினின் வடக்கே, மலையும் மழையும் சூழ்ந்த ஒவியேதோவில் வருஷக் கணக்கை விடக் கால்பந்து டிவிஷன் கணக்குக்குத்தான் மதிப்பு. கீழ்வீட்டுப் பெரியவர் பேத்தி பிறந்ததைச் சொல்லும்போது, "அப்போது நாங்கள் தெர்செராவில் கிடந்தோம்" என்பார். அன்றைய கணக்கில் பிரிமேரா முதல் டிவிஷன். செகுந்தா, செகுந்தா பி என்று இறங்கினால் நான்காவது தெர்செரா. குடிவந்த புதிதில், தெருப்பெயர்கள் பிடிபடும் முன்பே இந்த வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஊரின் கிளப்பான ரியல் ஒவியேதோ 1926இல், இங்கிருந்த இரண்டு கிளப்புகள் ஒன்று சேர்ந்து உருவானது. 1933இல் பிரிமேராவுக்கு ஏறியது. அதன் முன்கள வீரர், பாஸ்க் நாட்டுக்காரரான இசித்ரோ லாங்கரா, 1934, 1935, 1936 என்று அடுத்தடுத்து மூன்று சீசன்களில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தார். பிறகு வந்தது உள்நாட்டுப் போர். ஊர் முற்றுகைக்குள்ளானது, மைதானம் சிதைந்தது. ஆட முடியாத நிலையில் கிளப்புக்கு 1939-40 சீசனில் விலக்கு தரப்பட்டது. அந்தக் காலியிடத்தைத் தகுதி ஆட்டத்தில் ஒசாசுனாவை வென்று பிடித்த அத்லெத்திகோ அவியாசியோன், அதாவது இன்றைய அத்லெத்திகோ மாத்ரித், அந்த ஆண்டே சாம்பியனும் ஆனது. பாஸ்க் அணியோடு 1937இல் நாட்டை விட்டுப் போன லாங்கரா, அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் கோல்களைக் குவித்துவிட்டு, 1946இல்தான் ஒவியேதோவுக்குத் திரும்பினார்.

இப்படிப் போய்த் திரும்புவது இங்கே புதுக்கதை அல்ல. கியூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மெக்சிகோவுக்கும் பிழைக்கப் போனவர்களின் மண், ஒவியேதோ இருக்கும் இந்த அஸ்தூரியாஸ் பகுதி. சம்பாதித்துத் திரும்பியவர்கள் கட்டிய பெரிய வீடுகள், முற்றத்தில் நட்ட பனைவகை மரங்களோடு, கிராமங்களில் இன்றும் நிற்கின்றன. ஊரை விட்டு வந்தவன் என்ற உறுத்தலோடு இருந்த எனக்கு, இந்த ஊரின் மேல் ஒட்டுதல் உண்டானது அவற்றைப் பார்த்த பிறகுதான்.

1988 முதல் 2001 வரை கிளப் தொடர்ந்து 13 சீசன் பிரிமேராவில் இருந்தது. 1991இல் யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடி இத்தாலியின் ஜெனோவாவிடம் தோற்றது. 2001இல் செகுந்தாவுக்கு இறங்கியது. 2003இல் இன்னொரு படி சறுக்கியது. வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்ததால் தண்டனையாக மேலும் ஒரு படி தள்ளி, தெர்செராவில் விட்டார்கள். நகர நிர்வாகத்தின் ஆதரவோடு வேறொரு சிறு கிளப் ஊர்ப்பெயரைச் சூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு வரப் பார்த்தது. ஊர் ஜனம் அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் டிவிஷன் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். 2005இல் ஏறி, 2007இல் விழுந்து, 2009இல் மறுபடி ஏறினார்கள்.

2012இல் கடன் கழுத்தை நெரித்தது. நவம்பரில் கெடு முடிவதற்குள் பணம் புரட்டியாக வேண்டும். பங்கு ஒன்று 10.75 யூரோ என்று விற்பனைக்கு வந்தது. இங்கே இளையோர் அணியில் வளர்ந்து இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த சாந்தி கசோர்லா, ஹுவான் மாத்தா, மிச்சு ஆகியோர் வாங்கினார்கள். இந்த ஊரைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்களும் பல நாடுகளிலிருந்து வாங்கினார்கள். கடைசியில் மெக்சிகோவின் பெருஞ்செல்வர் கார்லோஸ் ஸ்லிம் 20 லட்சம் யூரோ போட்டார். அவரும் லெபனானிலிருந்து குடியேறியவரின் மகன்தான்.

2015இல் காதிஸை அதன் சொந்த மண்ணில் வென்று செகுந்தா வந்தார்கள். 2003இல் கிளப் சரிந்தபோது வியாரியாலுக்குப் போன கசோர்லா, 20 ஆண்டு கழித்து, 38 வயதில், குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் திரும்பி வந்தார். 2025 ஜூன் 21 அன்று இறுதித் தகுதி ஆட்டம், எதிரணி மிராந்தேஸ். முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்த நிலையில், அன்றும் முதல் கோலை விட்டார்கள். பெனால்டியில் சமன் செய்தவர் 40 வயது கசோர்லா. கூடுதல் நேரத்தில் 3-1. பயிற்சியாளர் பௌனோவிச், 2001இல் கீழிறங்கிய அதே அணியில் ஆடியவர். 24 ஆண்டுக்குப் பிறகு பிரிமேரா கிடைத்தது.

உள்ளூரிலேயே இருந்தவர்கள் நான்காம் டிவிஷனில் பெயரைக் காத்தார்கள். பணமுடை வந்த நேரத்தில், போனவர்களும் முகம் தெரியாதவர்களும் கை கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் கிளப் இன்று இல்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரில் பங்கு ஏது என்று யாராவது கேட்டால், ஒவியேதோவின் பங்குதாரர் பட்டியலைக் காட்டுங்கள்.