முதலில் பிரேக்கைப் போடு!

"அம்மா, எனக்கு இப்போ இன்டர்ன்ஷிப் இல்லையாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் வைப்பாங்களாம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட வராமல் படுத்துக் கொண்டாள் என் பெண்.

எனக்கு வந்ததே கோபம்! பிஸியோதெரபியில் நாலு வருஷம் படித்தவள். எழுத்துத் தேர்வில் எல்லாம் நல்ல மார்க். இனி ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சிதான் பாக்கி. "ஓரவஞ்சனை பண்றாங்களா? அப்பாவை அனுப்பிக் கேட்கச் சொல்லட்டுமா?" என்று கத்தித் தீர்த்தேன்.

மறுநாள் காப்பி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். வரிசையாகப் பல இடங்கள் வைத்திருப்பார்களாம். ஓரிடத்தில் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க வேண்டும். இன்னோரிடத்தில் நோயாளியிடம் விவரம் கேட்க வேண்டும். மணி அடித்தால் அடுத்த இடம். ஆசிரியை கையில் ஒரு பட்டியல் இருக்கும். எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்பதால் வேண்டியவர், வேண்டாதவர் பேச்சுக்கு இடம் குறைவு. ஸ்காட்லாந்தில் ஹார்டன் என்பவர் டாக்டருக்குப் படிப்பவர்களுக்காக வகுத்து, 1975-ல் எழுதி வெளியிட்ட முறையாம் இது.

"அப்புறம் நீ எங்கே கோட்டை விட்டே?"

"வீல்சேர்லேருந்து கட்டிலுக்கு மாத்தணும். ஒரு பக்கம்தான் பிரேக் போட்டேன். வலது கை வராதுன்னு எழுதியே வெச்சிருந்தாங்க. அவசரத்திலே அந்தக் கையைப் பிடிச்சே தூக்கிட்டேன்மா. நோயாளியா நடிச்சது என் ஃபிரண்டுதான். அவளுக்கு ஒண்ணும் ஆகலே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 2016-ல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்து போனது. எழுப்பும்போதெல்லாம் வராத அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுப்பேன். தோள் வலிக்கிறது என்று அழுவார். நோயோடு வந்த வலி என்றே நினைத்தேன். பிறகு வந்த பிஸியோதெரபிஸ்ட்தான், "தசை பலமிழந்த தோள்மூட்டும்மா, இழுத்தா நழுவிடும்" என்று சொன்னார். அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. மாமியார் இன்று இல்லை. அந்த அழுகை மட்டும் என் காதில் இருக்கிறது.

தெரியாமல் நான் செய்ததைப் படித்தவளும் செய்தால் எப்படி? அந்த ஆசிரியை யாரோ ஒரு பாட்டியின் தோளைக் காப்பாற்றியிருக்கிறார்! என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த தெருவில் ஒரு வீல்சேர் இரவல் வாங்கினேன். இரண்டு வாரமும் மத்தியானத்தில் நான்தான் நோயாளி. சுலபமான நோயாளியாக இருப்பேனா? காது கேட்காத மாதிரி நடித்தேன். எழுந்து நிற்கும்போது "தலை சுத்துதே" என்றேன். முதல் நாள் விழித்தவள், நாலாம் நாள் தானாகவே என்னை உட்கார வைத்துவிட்டு நாடி பார்த்தாள்.

அவளிடம் நான் கற்றதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். வீட்டில் பக்கவாத நோயாளி இருந்தால், செய்யப்போவதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். வீல்சேரின் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் பலகைகளை ஒதுக்கி விடுங்கள். கூடியவரை நல்ல பக்கம் கட்டில் இருக்கட்டும். வராத கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பருகே அணைத்துப் பிடியுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்பதைப் பிஸியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டெஸ்டில் பாஸ் செய்துவிட்டாள். பயிற்சிக்குப் போன முதல் நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா! இன்னிக்கு ஒரு தாத்தாவைக் கட்டிலுக்கு மாத்தினேன்!" என்று ஓடி வந்தாள்.

நான் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு பக்கமும் பிரேக் போட்டியாடி?"