கைப்பிடியும் கடைசற் கால்களும்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் செவியில் விழும் தொலைவில், ஒரு சந்துக்குள் இருக்கிறது நம் இல்லம். அத்தா அவர்கள் 1958இல் கட்டிய வீடு. சுபுஹு பாங்கும், துறையூருக்கும் முசிறிக்கும் லால்குடிக்கும் ஆள் கூப்பிடும் குரல்களும் அடுத்தடுத்து வந்து நம்மைத் துயிலெழுப்பும். அவ்வீட்டின் கூடத்திலிருந்து மாடிக்கு ஏறும் மரப்படிக்கட்டைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகிறோம். ஒரு படிக்கட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு ஷஅபான் மாதம் வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

தேக்கில் இழைத்த கைப்பிடி. அதைத் தாங்கி நிற்பவை இருபத்தாறு கடைசற் கால்கள். கைப்பிடிக்கு அத்தா ஒருநாளும் சாயம் பூசியதில்லை. "ஏறி இறங்குபவர்களின் உள்ளங்கைதான் அதற்கு மெருகு" என்பார்கள். கால்களுக்கு மட்டும் பச்சை எனாமல். ஈராண்டுக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாளுக்கு முன்னால் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும்போது, அந்தப் பச்சையும் புதுப்பிக்கப்படும். பழையதைச் சுரண்டி எடுக்கும் வழக்கமில்லை, பூச்சின்மேல் பூச்சு. அத்தா மறைந்தபின் நாமும் அம்முறையையே பின்பற்றினோம். ஆசாரி நுணுக்கமாகக் கடைந்திருந்த வளையங்களும் குமிழ்களும் அறுபதாண்டுப் பச்சைக்குள் அமிழ்ந்து, உருத்தெரியாமற் போயின.

ஷஅபான் தொடக்கத்தில் நம் மகள் தன் குழந்தையுடன் வந்திருந்தாள். பேரனுக்கு ஒரு வயது. எழுந்து நிற்கப் பழகும் பருவம். தவழ்ந்து வந்து கடைசற் கால்களைப் பற்றிக்கொண்டு நிற்பான். பல் முளைக்கும் ஊறலுக்கு அவற்றையே கடிப்பான். பூச்சு உரிந்து அவன் உதட்டில் பச்சைத் துணுக்கு ஒட்டியிருப்பதைக் கண்டு, "தாத்தா வீட்டு வெற்றிலையோ?" என்று எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் நெஞ்சு கூசுகிறது.

பூச்சு இப்படி உரிகிறதே, இம்முறை முற்றிலும் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவோம் என்று முடிவு செய்தோம். ஓய்வு பெற்றவருக்கு நேரத்துக்கா பஞ்சம்? உப்புத்தாள் வாங்கி வந்து, இரண்டு நாட்களில் நான்கு கால்களைத் தேய்த்து முடித்தோம். அடியிலிருந்த தேக்கின் நிறம் வெளிப்பட்டபோது, அத்தாவின் இளமைக்கால முகத்தைக் கண்டதுபோல் இருந்தது. கூடமெங்கும் பச்சைத் தூள் படிந்தது. வீட்டார் துடைப்பத்தால் பெருக்கினார்கள். பேரன் அதன்மேலேயே தவழ்ந்தான்.

தாள் தீர்ந்துவிட்டது. அஸர் தொழுதுவிட்டுச் சத்திரம் பக்கம் கடைக்குச் சென்றோம். 2021இன் இறுதியில் புதுக்கட்டடமாகத் திறக்கப்பட்ட அந்நிலையத்தில், ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்துக்காக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அத்தா காலத்திலிருந்து நம் வீட்டுக்கு வண்ணம் பூசியவர். கண்பார்வை மங்கியதால் இப்போது வேலைக்குப் போவதில்லை. அப்படியிருந்தும் நம்மைக் கண்டதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன பாய், தாடியெல்லாம் பச்சையா இருக்கு?" என்பதுதான்.

நாம் பெருமையுடன் விவரத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது.

"தண்ணி தொட்டுத் தேய்ச்சீங்களா, வெறுந்தாளா?"

"வெறுந்தாள்தான்."

"வீட்டில் பிள்ளைகள் இருக்கா?"

பேரனைப் பற்றிச் சொன்னோம். அவர் எழுந்து நின்றுவிட்டார். "வேலையை நிறுத்துங்க பாய். இப்ப வாங்குற டப்பாவில் ஈயம் இல்லைன்னு எழுதியிருக்கான். அப்படின்னா பழைய டப்பாவில் என்ன இருந்ததுன்னு யோசிச்சீங்களா? அந்தப் பச்சையைப் பூசினவன் நான்தான். எனக்கும் அன்னைக்குத் தெரியாது."

அவர் ஏற வேண்டிய பேருந்து வந்து போயிற்று. அவர் ஏறவில்லை, நம்முடன் வீட்டுக்கு நடந்தார்.

அவரிடமும், பின்னர் மருத்துவரிடமும், நூல்களிலும் நாம் அறிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். நம் தமிழில் ஈயம் என்ற ஒரு சொல் இரு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். நாம் பேசுவது காரீயம், அது நஞ்சு. மறைக்கும் திறனுக்காக ஈய வெள்ளையும், மஞ்சளும் பச்சையும் பளிச்சிடுவதற்காக ஈயக் குரோமேட்டும், விரைந்து காய்வதற்காக வேறு ஈயச் சேர்மங்களும் எண்ணெய் வண்ணங்களில் நெடுங்காலம் கலக்கப்பட்டு வந்தன. உலகம் இதை அறியாமல் இல்லை. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தவிர்க்க வேண்டுமென்று 1921இலேயே ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா 1978இல் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 2016இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது; டப்பாவின்மேல் அதைக் குறிப்பிடவும் வேண்டும் என்பது விதி. ஆகவே அதற்கு முன் பூசப்பட்ட கதவும் சன்னலும் தொட்டிலும் ஐயத்துக்கு உரியவையே.

ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், பெரியவர் உடலைப்போல் நான்கைந்து மடங்கு சிறுகுழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையை அது தாக்கும்; அறிவுத்திறனையும் கவனத்தையும் குறைக்கும். காய்ச்சலோ வலியோ வந்து எச்சரிப்பதும் அரிது. இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கூற்று.

மறுநாளே பேரனின் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வர ஆறு நாட்கள் ஆயின. அந்த ஆறு இரவுகளும் மகள் நம்மிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்ற வேண்டும். பேரனுக்கு 7 இருந்தது. "மருந்து தேவையில்லை. காரணத்தை அகற்றுங்கள், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் உணவு கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம்" என்றார் மருத்துவர். மகளையும் பேரனையும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

அதன்பின் நடந்த வேலையை முதியவரே நாற்காலியில் அமர்ந்து நடத்தினார். தரையில் பாலித்தீன் விரிப்பு. மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகமூடி. மேல்படிகளில் இருந்த பதினாறு கால்களில் பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தது. அவற்றை நீர் தெளித்து, நீருக்குத் தாங்கும் தாளால் மெல்ல உரசி, ஈரத்துணியால் துடைத்து, பிரைமரும் ஈயமில்லா எனாமலும் பூசினோம். துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான். நெருப்புக் காட்டிப் பூச்சை உரிப்பது அதனினும் கேடு. ஈயம் புகையாகி மூச்சில் கலக்கும். உடுத்திய உடைகளைத் தனியே துவைத்தோம்.

குழந்தையின் வாய்க்கு எட்டும் கீழ்ப்பத்துக் கால்களுக்கு இது போதாது என்றார் அவர். "கடிக்கிற இடத்தில் மேலே பூசி மூடினால் என்ன பயன்? கழற்றிடுங்க பாய்."

அங்கேதான் நம் மனம் தடுக்கிற்று. அத்தா நின்று கடையச் செய்த கால்கள் அவை. குளித்துப் புத்தாடை உடுத்திய பெருநாள் காலைகளில், அவற்றின் இடுக்கு வழியே கூடத்தை எட்டிப்பார்த்து வளர்ந்தவர்கள் நாமும் உடன்பிறந்தாரும். அத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஓர் இரவு முழுதும் எண்ணிப்பார்த்தோம். அழகுக்காகப் பூசியவர்கள், அது நஞ்சென்று அறிந்திருந்தால் ஒருநாளும் பூசியிருக்க மாட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்றது வீட்டார்மீது கொண்ட அக்கறை. பச்சை அதன் அன்றைய நிறம் மட்டுமே. விடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் கடைசல் வேலை செய்யும் ஆசாரியிடம் ஒரு பழைய காலின் அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாம் தேய்த்த நான்கில் வளையங்கள் வெளிப்பட்டிருந்ததால், அதே கடைசலை அவரால் மீண்டும் கடைய முடிந்தது. பழையவற்றைப் பாலித்தீனில் சுற்றிக் கட்டி, எவரும் அடுப்பெரிக்க எடுக்காத இடத்தில் வைத்திருக்கிறோம்.

புதிய பத்துக் கால்களுக்கும் சாயம் பூசவில்லை. மரத்தின் நிறத்திலேயே நிற்கின்றன. மேலே பச்சை, கீழே தேக்கு. வந்தவர்கள் வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று கேட்கிறார்கள்.

துல்கஃதாவில் இரண்டாம் சோதனை செய்தோம். 4 என்று வந்தது. இன்னும் குறைய வேண்டும். குறையும் என்கிறார் மருத்துவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகள் வந்தாள். வாசலில் இறக்கிவிட்டதும் பேரன் நேரே படிக்கட்டுக்குத்தான் சென்றான், இப்போது நடக்கிறான். புதிய காலைப் பற்றி நின்று, வழக்கம்போல் வாயைக் கொண்டுபோனான். மகள் நம்மைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியில் கை வைத்தபடி, மாடியேறிச் சென்றாள்.