நோட் எங்கே முடிகிறது

பேஸ் கிட்டார் வாசிக்கிற இருவர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் கம்பியில்தான் தொடங்கும். பிளாட்வவுண்டா, ரவுண்ட்வவுண்டா? புதுசா, பழசா? கிட்டார் எந்தக் கம்பெனி, ஆம்ப் எத்தனை வாட், காலடியில் என்னென்ன பெடல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும். தள்ளி நின்று கேட்பவருக்கு இது கடைத்தெருப் பேச்சாகத் தோன்றலாம். நெடுங்காலமாக இந்தப் பேச்சில் கலந்துகொண்டு வருகிற எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒரு நோட்டைத் தட்டிவிட்டோம். அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும்? ஒவ்வொருவரும் தங்கள் சாமான்களின் பெயரைச் சொல்லி இந்தக் கேள்வியைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரவுண்ட்வவுண்டில் உள்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். விரலுக்கு நெருநெருவென்று இருக்கும். மாட்டிய அன்று கணீரென்று ஒலித்து நீண்டு நிற்கும். பிளாட்வவுண்டில் சுற்றியிருப்பது தட்டையான நாடா. விரல் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி ‘தும்’ என்று விழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். சென்னையில் வாசிப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வகை உண்டு: வியர்வை குடித்த ரவுண்ட்வவுண்ட். மே மாதத்தில் ஒரு கல்யாண மண்டபக் கச்சேரி போதும். சுற்றுகளுக்கு நடுவே உப்பும் எண்ணெயும் போய் அடைந்துகொள்ள, மேலே மினுங்கிய ஒலியெல்லாம் மங்கிப்போகும். சிலர் கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள். சிலர் ஸ்பிரிட்டில் ஊறப் போடுவார்கள். இரண்டுக்குமே பலன் உண்டு, கொஞ்ச நாளைக்கு. நான் எதுவும் செய்வதில்லை. நம் மெல்லிசைப் பாடல்களுக்குள் அந்த மங்கிய ஒலிதான் சரியாக உட்காருகிறது. பாடுகிறவரின் குரலுக்கும் தபேலாவின் மீட்டலுக்கும் அது வழிவிடுகிறது.

இந்தக் கட்சியில் சேருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியில் 1960களின் பெரும்பாலான பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் அவர். 1962இல் செய்த ஃபெண்டர் பிரிசிஷன் கிட்டார், அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த பிளாட்வவுண்ட். அறுந்தால் ஒழிய கம்பியை மாற்ற மாட்டார். கம்பிக்கும் விரல்பலகைக்கும் இடையே நல்ல உயரம் விட்டிருப்பார். பிரிட்ஜை மூடிய உலோகத் தகட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், கம்பியைத் தொட்டபடி இருக்கும். வலது கையில் சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே வைத்துத் தட்டுவார். ஒலிப்பதிவில் ஆம்பையே ஒதுக்கிவிட்டுக் கிட்டாரை நேராக மிக்சர் பலகையில் செருகிவிடுவார்கள்.

கம்பி பழசு, அடியில் ஸ்பாஞ்ச், உயரமும் அதிகம். நோட் நீள்வதற்கான வழி எல்லாவற்றையும் அவர் அடைத்துவைத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1967இல் வந்த ‘எய்ன்ட் நோ மௌன்டன் ஹை இனஃப்’ பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறது, எதிர்பாராத இடத்தில் தாவுகிறது, அரை அடி முன்னால் வந்து விழுகிறது. இவ்வளவு நோட்டுகளை வாசித்தும் பாடகர்கள்மேல் அது ஏறிக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டுக்கு இடம் விட்டுவிட்டுப் போய்விடுவதுதான் காரணம். புதுக் கம்பியும் நீண்ட ஒலியும் வைத்துக்கொண்டு அதே வரியை வாசித்தால் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். அந்த ஸ்பாஞ்ச் துண்டு இருந்ததால்தான் அவ்வளவு சுதந்திரமாக அவரால் ஓட முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். அவர் முதலில் கிட்டார் வாசித்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர் வாசித்தது பிக்கில். கம்பிமேல் ஃபெல்ட் துணியை மடித்து வைத்துவிடுவார். பிக்கினால் நோட் தொடங்குகிற இடம் துல்லியமாகக் கேட்கும், ஃபெல்ட்டினால் முடிகிற இடமும் துல்லியமாகக் கேட்கும். பிக்கில் வாசிப்பது கிட்டார்காரர் பழக்கம், பேஸுக்கு விரல்தான் மரியாதை என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்கிறவர்கள் கேரல் கே வாசித்த ஒரு பாட்டையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஜாகோ பாஸ்டோரியஸ். அவருடையதும் 1962ஆம் வருடத்து ஃபெண்டர்தான், ஆனால் ஜாஸ் பேஸ் என்ற மாடல். அதன் பிரெட்டுகளை எடுத்துவிட்டு, பள்ளங்களை நிரப்பி, விரல்பலகைமேல் படகுகளுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசினார். அவர் போட்டது ரோட்டோசவுண்ட் கம்பெனியின் ரவுண்ட்வவுண்ட். எஃகுக் கம்பி வெறும் மரத்தை அரித்துத் தின்றுவிடும் என்பதால் அந்தப் பூச்சு. விளைவு, வீணைபோல இழுபடுகிற, தேய்ந்து தேய்ந்து வெகுநேரம் நிற்கிற ஓர் ஒலி. 1976இல் அவர் பெயரிலேயே வந்த முதல் ஆல்பத்தைக் கேட்ட பிறகு உலகமெங்கும் பலர் தங்கள் கிட்டாரின் பிரெட்டுகளைப் பிடுங்கினார்கள். கமகத்தில் வளர்ந்த காதுக்கு அந்த ஒலி உடனே பிடித்துவிடுகிறது. ஆனால் பிரெட் இல்லாத பலகையில் நோட் நீண்டு நின்றால் சுருதியின் பிசகும் கூடவே நீண்டு நிற்கும். ஜாகோவின் சாமானை வாங்கிவிடலாம், அந்தச் சுருதிக் காதை வாங்க முடியாது.

ஜேமர்சனின் கிட்டார் அவர் 1983இல் இறப்பதற்குச் சற்று முன்பு திருடுபோனது. ஜாகோவுடையது 1986இல் நியூயார்க்கில் திருடுபோனது. அவர் மறைந்து பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் 1972இல் களவுபோய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்தது. எல்லாம் விரலில்தான் இருக்கிறது, கருவியில் ஒன்றுமில்லை என்று அடித்துப் பேசுகிறவர்களும் இந்தக் கதைகளைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோவதைக் கவனித்திருக்கிறேன்.

பெடல் விஷயத்துக்கு வருகிறேன். பேஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில். கிட்டாருக்கென்று செய்த டிஸ்டார்ஷன் பெடல்கள் பலவும் கீழ் ஒலியைக் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கழிக்காவிட்டால் கிட்டார் சேறாகிவிடும். அதே பெடலில் பேஸைச் செருகினால் உறுமல் வரும், பாட்டின் அடித்தளம் காணாமல் போகும். அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்தவுடன் பேஸ் வாசிப்பவர் எழுந்து போய்விட்டாரோ என்றிருக்கும். இதற்கு விடை எளிது. ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கெடுக்காமல் அப்படியே விட்டு, மற்றதை மட்டும் உறும வைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரிலும், ஹெல்சிங்கியிலிருந்து வருகிற டார்க்கிளாஸ் பெடல்களிலும் ‘பிளெண்ட்’ என்ற குமிழ் இருப்பது இதற்காகத்தான். அந்தக் குமிழ் இல்லாத டிஸ்டார்ஷன் பெடலை பேஸுக்கு வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் 1983இல் வந்த முதல் ஆல்பத்தில் டிஸ்டார்ஷனும் வா-வாவும் போட்டு ஒரு முழு உருப்படியைத் தனி பேஸாகவே வாசித்தார் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அவர்தான் முன்னணி. தாங்கிப் பிடிக்க வேண்டிய பாட்டு எதுவும் அவர் தலைமேல் இல்லை.

பெடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது என்வலப் ஃபில்டர். விரல் எவ்வளவு அழுத்தித் தட்டுகிறதோ அந்த அளவுக்கு அது வாயைத் திறக்கும். நோட் தேயத் தேய மூடிக்கொள்ளும். பூட்சி காலின்ஸ் மியூட்ரான் என்ற பெடலை வைத்து 1970களில் பார்லமென்ட்-ஃபங்கடெலிக் பாடல்களில் பேஸைப் பேச வைத்தாரே, அதுதான். நோட்டின் முடிவு காதுக்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிற கருவி வேறில்லை. வலது கை சீராக இல்லாவிட்டால் ஒரு நோட் கத்தும், அடுத்தது முனகும். ஆக்டேவர் பெடலும் இந்த வகையில் ஒரு கண்டிப்பான வாத்தியார்தான். வாசிக்கிற நோட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு நோட்டை அது சேர்க்கும். 1982இல் வந்த பாஸ் ஓசி-2வை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கம்பி ஒலித்தால் குழம்பும், நோட் தேய்ந்து அடங்குகிற இடத்தில் திக்கும். ஆகவே ஒவ்வொரு நோட்டையும் இடது கையால் சுத்தமாக நிறுத்தியே ஆக வேண்டும். கம்ப்ரஸரைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பலமான நோட்டை அமுக்கி, பலவீனமான முடிவைத் தூக்கிக் காட்டும். அளவாக வைத்தால் இருப்பதே தெரியாது. அளவு மீறினால் வாசிப்பில் உயிர் இருக்காது.

ஆம்ப்பைப் பற்றியும் நீளப் பேச வேண்டியதில்லை. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட். அதன் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்றைக்குத் தோள்பையில் அடங்குகிற ஆம்ப் அதைவிடக் கூடுதல் வாட் தருகிறது. நம் மேடைகளில் பெரும்பாலும் டிஐ பெட்டி வழியாக நேராக மிக்சருக்குப் போய்விடுகிறோம். ஜேமர்சன் போன அதே வழி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சாமானா விரலா என்ற வழக்கில் நான் சாட்சிக்கு அழைக்கிறவர் பினோ பல்லடினோ. 1980களின் தொடக்கத்தில் பால் யங் பாடல்களில் பிரெட் இல்லாத மியூசிக் மேன் ஸ்டிங்ரே, சறுக்கிச் சறுக்கி நீள்கிற நோட்டுகள், ஆக்டேவர். 2000இல் டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அதே மனிதர், பிளாட்வவுண்ட் போட்ட ஃபெண்டர் பிரிசிஷன், தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து விழுகிற குறுகிய நோட்டுகள். இரண்டையும் வாசித்தவை ஒரே விரல்கள்தான். பாட்டு கேட்ட முடிவு வேறாக இருந்தது, அதற்கேற்ற கருவியை அவர் தேடிப்போனார். பிடித்த கலைஞர் யார் என்று ஒருவர் சொன்னாலே அவர் வீட்டில் என்ன கம்பி கிடக்கும் என்று ஊகித்துவிடலாம் என்பதும் இதனால்தான்.

ஆனால் நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதிலில் பெரும்பாலும் பாட்டின் பெயர்தான் வருகிறது. ‘இளைய நிலா’வின் பேஸ் என்பார்கள். இளையராஜா எழுதிய அந்த பேஸ் வரியை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு போனால் அதுவே ஒரு மெட்டாக நிற்கும், மேலே ஒலிக்கிற கிட்டாரோடு அது பேசிக்கொண்டே நடக்கும். அவர் எழுதிய அத்தகைய வரிகளை வருடக்கணக்கில் விரலில் ஏற்றியவர் சசிதரன். எத்தனை வீடுகளில் அந்த கேசட்டுகள் தேய்ந்திருக்கும்! அந்த உறைகளில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. மோட்டவுனிலும் இதே கதைதான். ஜேமர்சனின் பெயர் 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் அச்சேறியது. ஏ.ஆர். ரகுமான் தன் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயர்களைப் போட ஆரம்பித்த பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்ற பெயர் ரசிகர்களின் கண்ணில் பட்டது. எந்தப் பெடல் வாங்கலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுக்கிறேன். சசிதரன் வாசித்ததில் ஒரு பாட்டு, கீத் பீட்டர்ஸ் வாசித்ததில் ஒரு பாட்டு. எந்தெந்த நோட்டை எங்கெங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தாளம் போட்டு எண்ணிக்கொண்டு வரச் சொல்கிறேன். பெடலைப் பற்றி அதற்குப் பிறகு பேசுகிறோம்.