பூனையைக் காப்பாற்றாத வெண்டி

திரைக்கதை எழுதப் பழகுகிற ஆக்களிடம் ஒரு புத்தகத்தின் பெயர் அடிக்கடி அடிபடும்: பிளேக் ஸ்னைடர் 2005இல் எழுதிய 'சேவ் த கட்'. பூனையைக் காப்பாற்று என்று அர்த்தம். படம் தொடங்கிய கையோடு நாயகன் ஏதாவது நல்ல காரியம் செய்யவேணும், ஒரு பூனையையாவது காப்பாற்றவேணும். அப்பத்தான் பார்க்கிற சனம் அவன் பக்கம் நிற்கும் என்பது அதில் வருகிற யோசனை.

கெலி ரைகார்ட் இயக்கிய 'வெண்டி அண்ட் லூசி' (2008) படத்தில் பூனை இல்லை, நாய் இருக்கு. வெண்டி அந்த நாய்க்குச் சாப்பாடு களவெடுத்துப் பிடிபடுகிறாள். நாங்கள் அவள் பக்கம் நிற்கவேண்டியது அதுக்குப் பிறகுதான்.

கதை சின்னது. வெண்டி (மிஷெல் வில்லியம்ஸ்) இந்தியானாவில் இருந்து ஒரு பழைய ஹொண்டா காரில் அலாஸ்காவுக்குப் போகிறாள். அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை எடுக்கலாம் என்று நம்பிக்கை. கையில் சில நூறு டொலர்தான். ஒவ்வொரு செலவையும் ஒரு கொப்பியில் எழுதிக் கழிக்கிறாள். ஒரிகன் மாநிலத்தில் ஒரு ஊரில் கார் நின்றுவிடுகிறது. களவெடுக்கப் போய்ப் பொலிஸ் பிடிக்கிறது. தண்டப் பணம் கட்டிவிட்டு வந்து பார்த்தால், கடைக்கு வெளியே கட்டிவிட்டுப் போன லூசியைக் காணேல்லை. மிச்சப் படம் லூசியைத் தேடுறதுதான். மொத்தமே 80 நிமிசம்.

இதை நான் ஒரு நண்பனோடு இருந்து பார்த்தேன். முடிந்ததும் அவன் கேட்டான்: "மச்சான், இவள் ஏன் வீட்டை விட்டு வெளிக்கிட்டவள்? அதை ஒரு இடத்திலயும் சொல்லேல்லையே!"

நியாயமான கேள்வி. வழமையான திரைக்கதை என்றால் முதல் பத்து நிமிசத்துக்குள் பதில் வந்திருக்கும். அப்பா குடிகாரன், அல்லது காதலன் அடிச்சவன், அல்லது அம்மா செத்துப்போனா. ஒரு பிளாஷ்பேக், கொஞ்சம் கண்ணீர். நாங்களும் "பாவம் பிள்ளை" என்று சொல்லி அவளைப் பாஸ் பண்ணிவிட்டிருப்போம்.

ரைகார்டும் அவரோடு சேர்ந்து எழுதிய ஜொன் ரேமண்டும் அந்தப் பதிலைத் தரவே இல்லை. வீட்டைப் பற்றிக் கிடைப்பது ஒரேயொரு தொலைபேசி அழைப்பு. வெண்டி தன் சகோதரி வீட்டுக்கு எடுக்கிறாள். காசு கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிடுவாளோ என்ற பயம் மற்றப் பக்கக் குரலில் ஏற்கெனவே இருக்கு. அந்த வீட்டில் அவளுக்கு எந்த இடம் என்று விளங்க இவ்வளவும் காணும்.

இந்தப் படத்துக்கான யோசனை எங்கே தொடங்கியது என்று ரைகார்ட் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 2005இல் கத்ரீனா சூறாவளி அடித்த பிறகு, எல்லாம் இழந்த ஏழைச் சனத்தைப் பார்த்து, இவர்கள் தங்கட காலில் தாங்களே எழும்பவேணும் என்று சிலர் கதைத்தார்கள். காசும் இல்லாமல், பின்னுக்கு ஆளும் இல்லாமல் ஒருத்தி எப்பிடி எழும்புவாள் என்ற கேள்வி அதிலிருந்து வந்தது. அந்தக் குரல் படத்துக்குள்ளும் இருக்கு. வெண்டியைப் பிடிக்கிற கடைப் பெடியன், நாய்க்குச் சாப்பாடு வாங்க வழியில்லாத ஆள் நாய் வைச்சிருக்கக்கூடாது என்கிறான்.

வெண்டியின் பழங்கதை தெரிந்திருந்தால் நாங்களும் அந்தப் பெடியனின் வேலையைத்தான் செய்திருப்போம். இவள் உதவிக்குத் தகுதியான ஆளா என்று கணக்குப் பார்த்திருப்போம். எங்கேயாவது உதவி கேட்டுப் போனவர்களுக்கு இது தெரியும்: முதலில் துன்பத்தை ஒழுங்காகச் சொல்லிக் காட்டவேணும், நம்புகிற மாதிரிச் சொல்லவேணும். இந்தத் திரைக்கதை வெண்டியை அந்தக் கட்டாயத்தில் இருந்து விட்டுவிடுகிறது. பழங்கதையை மறைச்சது வெறும் ஸ்டைலுக்காக எண்டு எனக்குப் படாததுக்குக் காரணம் இதுதான்.

படத்தில் அவளிடம் கதை கேட்காத ஒரு ஆளும் இருக்கிறார். மருந்துக்கடை வாசலில் நிற்கிற வயசான காவலாளி. காரை அங்கே விடக்கூடாது என்று முதலில் எழுப்புகிறவரும் அவர்தான், பிறகு தள்ளிவிடுகிறவரும் அவர்தான். லூசியைப் பற்றித் தகவல் வந்தால் எடுக்கத் தன்ர போனைக் குடுக்கிறார். கடைசியில் அவள் கையில் கொஞ்சக் காசைத் திணிக்கிறார். எண்ணிப் பார்த்தால் பத்து டொலர் கூட வராது. அவரும் வசதியான ஆள் இல்லை என்று அப்பத்தான் விளங்குது.

படம் பார்க்காத ஆக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ. லூசி கிடைக்கிறாள், முற்றம் உள்ள ஒரு நல்ல வீட்டில். வெண்டியிடம் இப்ப காரும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, திரும்பி வருவன் என்று சொல்லி, லூசியை அங்கேயே விட்டுவிட்டு சரக்கு ரயிலில் ஏறுகிறாள். கடையில் அந்தப் பெடியன் சொன்னது போலவே நடந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னது சரி என்று அந்த நேரத்தில் எங்களால் சொல்ல ஏலாது.

பாத்திரத்தை மையமாக வைச்ச படம் எண்டால் ஆக்கள் மனம் திறந்து நீளமாகக் கதைக்கிற படம் என்று ஒரு எண்ணம் எங்களிட்ட இருக்கு. வெண்டி ஒருக்காலும் மனம் திறக்கிறதில்லை. காசு எண்ணுகிற விதத்திலும், நடக்கும்போது முணுமுணுக்கிற மெட்டிலும், பெற்றோல் நிலையக் கழிவறையில் முகம் கழுவுகிற விதத்திலும்தான் அவளைப் பழக்கம் பிடிக்கிறோம். லூசியாக வருவது ரைகார்ட் வளர்த்த நாய். கான் விழாவில் நாய்களுக்கென்று குடுக்கிற 'பாம் டோக்' விருது அந்த வருசம் அவளுக்குத்தான்.

குறும்படம் எழுதுகிற ஆக்களுக்கு ஒன்று. உங்கட கதையில் இருக்கிற பிளாஷ்பேக்கை ஒருக்கா எடுத்துவிட்டு வாசிச்சுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் அந்த ஆள் அங்க நிக்கிறாரோ எண்டு.