சொட்டுகிற இடம் வேறு

ஜூன் பிறந்துவிட்டால் மழைச் செய்தியில் எங்கள் மலைப்பக்கத்து ஊர்ப் பெயர்கள் அடிபட ஆரம்பித்துவிடும். தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி, சின்னக்கல்லாறு என்று சென்டிமீட்டர் கணக்கை வரிசையாக வாசிப்பார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையில் அது பாதிக்கு மேல். இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்கு முன் "கூரை ஒழுகுதா" என்று கேட்பதில் ஆச்சரியமில்லை.

ஒழுகினால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். எங்கே சொட்டுகிறதோ, நேராக அதற்கு மேலே ஏறித் தாரைப் பூசிவிட்டு இறங்குவார்கள். அடுத்த மழைக்கு அதே பாத்திரம் அதே இடத்தில் நிற்கும்.

தகரக் கூரையில் தண்ணீர் நுழைகிற இடமும் சொட்டுகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே ஓர் ஆணித் துளையில் இறங்குகிறது. தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டியபடியே சரிவில் ஓடுகிறது. ரீப்பர் கட்டையைத் தொட்டதும் அதன்மேல் நடந்து, ஒரு கணுவோ இணைப்போ வந்தால் அங்கே விழுகிறது. ஆகவே சொட்டைப் பார்த்தால் சரிவின் மேற்பக்கமாகக் கண்ணை ஓட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் தேடி ஒரு பலனும் இல்லை.

பக்கத்து லைன் வீடுகளில் ஒரு பையனுக்கு அடுப்புக்கு மேலேயே ஒழுகியது. இருட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் வரட்டும் என்று தகரங்களுக்கு நடுவே கண்ணாடி ஷீட் ஒன்றைப் போட்டிருந்தான். பிளாஸ்டிக்தான், நாங்கள் கண்ணாடி என்போம். வீட்டில் எல்லாருக்கும் அதன்மேல்தான் சந்தேகம். "அதைப் பிடுங்கிடுறேன் தாத்தா" என்றான். அவசரப்படாதே என்றேன். சந்தேகத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வெயிலில் பிளாஸ்டிக் தகரத்தைவிட அதிகம் நீளும், குளிரில் சுருங்கும். போல்ட்டை இறுக்கிவிட்டால் துளை ஓரம் விரிசல் விடும். துளையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, ரப்பர் வாஷர் போட்டு, அலையின் மேட்டில் முடுக்க வேண்டும். பள்ளத்தில் முடுக்குகிறவன் தண்ணீருக்கு வழி வெட்டிக் கொடுக்கிறான்.

மழை விட்ட நாளில் குழாயைப் பிடித்தோம். கீழிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். ஒருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் நனைந்து ஒன்றும் தெரியாது. கண்ணாடி ஷீட் முழுக்க நனைந்தும் உள்ளே சொட்டு இல்லை. அதற்கு மேலே இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்துக்குப் போனதும் பையனின் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். ஆறு அங்குலமாவது மேலேற்றிப் போட வேண்டிய தகரத்தை யாரோ சிக்கனம் பார்த்து நாலு விரல் ஏற்றியிருந்தார்கள். காற்றோடு அடிக்கிற மழை அந்த இடுக்கில் மேல்நோக்கியே ஏறி உள்ளே வந்துவிடும்.

சொட்டுகிற இடத்தில் பூசிவிட்டுப் போகக் கூடாது என்ற புத்தி எனக்குக் கடற்கரையில் வந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நாங்கள். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை இந்த மலையில் தேயிலை நட ஆரம்பித்தது, அதுதான் இன்று டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். மண்டபம் முகாமில் இருந்தபோது படகு வேலை செய்கிற மேஸ்திரி ஒருவரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். படகு ஒழுகுகிறது என்று வந்தால் பழைய பூச்சின்மேல் அவர் புதுப் பூச்சு பூச மாட்டார். முழுக்கச் சுரண்டி, காயவிட்டு, பஞ்சுத் திரியைத் தட்டி ஏற்றி, பிறகுதான் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம்.

தேயிலைத் தோட்டத்திலும் இதே கதை நடக்கும். ஃபேக்டரியில் இலை சிவந்து வந்தால் முதல் ஏச்சு கொழுந்து பறித்த பெண்ணுக்கு. சாக்கில் அழுத்தித் திணித்து, வண்டி வரும்வரை வழியோரம் கிடந்து, உள்ளே சூடேறிச் சிவந்த இலை அது. சிவப்புத் தெரிந்த இடம் ஃபேக்டரி, திட்டு விழுந்தது மலைச்சரிவில், கோளாறு நடுவழியில். சம்பளம் குறைவாக இருப்பவர்மேல் பழி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் 'டெர்பிஷயர்' கதையைச் சொன்னபோது அதனால்தான் எழுந்து உட்கார்ந்தேன். இரும்புத் தாது ஏற்றிய பெரிய பிரிட்டிஷ் கப்பல். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் 44 பேரோடு மூழ்கியது. கடலடியில் கிடந்த கப்பல் 1994இல்தான் கிடைத்தது. படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், முன்பக்கச் சாமான் அறையின் மூடியை மாலுமிகள் சரியாக இறுக்கவில்லை என்று எழுதினார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. குடும்பத்தார் விடவில்லை. 2000இல் முடிந்த மறு விசாரணை அந்தப் பழியை நீக்கியது. முன்தளத்துக் காற்றுக் குழாய்கள் அலையில் உடைந்து, அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து, மூக்கு தாழ்ந்து, அதன்பிறகு அலைகளின் பாரத்தில் சரக்கறை மூடி நொறுங்கியிருக்கிறது. செத்த காரணம் தெரிய வேண்டும் என்று தொடங்கி, அசட்டையாக இருந்து செத்தார்கள் என்ற சொல்லைத் துடைப்பதுவரை குடும்பத்தார் இருபது வருஷம் அலைந்திருக்கிறார்கள்.

இனி, வீடு ஒழுகுகிறவர்களுக்கு. மழை பிடித்தபின் தகரத்தின்மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். வாளியை வைத்துவிட்டு, ஈரம் ஓடுகிற தடத்தை உள்ளிருந்தே சாக்பீஸால் கட்டையில் குறித்து வையுங்கள், மேல்நோக்கி எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு தூரம். வெயில் வந்ததும் அந்தக் கோட்டின் மேல் முனையிலிருந்து தேடத் தொடங்கலாம்.