புல்லே இல்லாத கோல்ஃபும் நம்மூர்ப் பொட்டலும்

கோல்ஃப்னதும் நம்மாளுங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பச்சைப்பசேல்னு புல்லு, காசுக்காரங்க, 1895-லயே கிளப் ஆரம்பிச்ச கொடைக்கானல். எம்.ரெட்டியபட்டி கரிசக்காட்டுக்காரனுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்குங்க.

தெற்கு ஆஸ்திரேலியாவுல கூபர் பீடின்னு ஒரு ஊர். அடிலெய்டுல இருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். 1915-ல ஓபல் கல்லு கிடைச்சதால முளைச்ச ஊரு. வெயிலுக்குப் பயந்து மண்ணைக் குடைஞ்சு உள்ளேயே வீடு, சர்ச்சு எல்லாம் வச்சிருக்காங்க. ஊர்ப்பேருக்கு அர்த்தமே 'வெள்ளைக்காரன் பொந்து'ன்னு சொல்றாங்க :-)

அங்க போனப்ப கோல்ஃப் ஆடிப் பாத்தேன். 18 குழி, மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது. வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் மழையே தேறாது, குடிதண்ணியே நிலத்தடி உப்புத்தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான். புல்லுக்கு எங்க போறது? பச்சைக் கம்பளத் துண்டு ஒண்ணைக் கையோட தூக்கிட்டுப் போகணும். அதை விரிச்சு, பந்தை வச்சு அடிக்கணும். சரளைக்கல்லுல பட்ட பந்து எந்தத் திசைக்குத் துள்ளும்னு அதுக்கே தெரியாது. குழியைச் சுத்தி எண்ணெய் கலந்த கருப்பு மணல். கோடைக்காலத்துல ராத்திரி, ஒளிரும் பந்தை வச்சு ஆடுறதும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. ஆடி முடிச்சதும் அந்த மணல்ல பதிஞ்ச நம்ம காலடியை இழுவைக் கட்டையால சமப்படுத்தணும். அடுத்து வர்றவனுக்காக!

ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானமும் ஊர்ப் பொதுநிலம்தான். ஞாயித்துக்கிழமை பழைய மைதானத்துல ஆட்டம் கிடையாது, ஊர்ஜனம் காலாற நடக்கும். உலகத்துக்கே பேர்போன அந்த ஊர்ல ஆடுறதுக்கு இந்தப் பொட்டல் கிளப்காரங்களுக்கு உரிமை குடுத்திருக்காங்க.

நம்ம விருதுநகர் மாவட்டத்துல கூபர் பீடியைப் போல நாலஞ்சு மடங்கு மழை பெய்யுது. கண்மாய் வத்தினா அதுதான் பயலுகளுக்குக் கிரிக்கெட் கிரவுண்டு, கிட்டிப்புள் களம் எல்லாம். இப்ப அதுல பாதியைச் சீமைக்கருவேலம் பிடிச்சுக்கிச்சு. கோல்ஃப் வேணாம் சாமி, புல்லு வளர்க்க லட்சக்கணக்கான லிட்டர் தண்ணிக்கு எங்க போக? முள்ளை வெட்டி, அடுத்து வர்ற பயலுக்காகத் தரையைச் சமப்படுத்திப் போடுற அந்தப் பழக்கம் மட்டும் வந்தாப் போதும். அதுக்குப் பைசா செலவில்லீங்க.